ஓட்டு வீடு ஒழுகுகிறதா? ஓடு மாற்றும் முன் மரத்தைப் பாருங்கள்!

2023 டிசம்பர் மழையைத் தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. இப்படியொரு மழையில் ஒழுகிய ஓட்டு வீடுகளுக்கு, ‘எல்லாத்தையும் பிரிச்சுட்டு தகரம் போட்டுடலாம்’ என்பதுதான் பலர் சொல்லும் யோசனை. அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது ஓடு அல்ல. அதைத் தாங்கும் மரமும் ஆணியும்தான்.

மங்களூரில் பாசல் மிஷன் 1865-ல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவியதுதான் ‘மங்களூர் ஓடு’. சுட்ட மண் என்பதால் உப்புக் காற்றில் தகரம்போல் துருப்பிடிக்காது. வெயிலில் தகரம் அளவுக்குச் சுடவும் செய்யாது.

எப்போது?

பங்குனி, சித்திரை ஏற்ற காலம். ஆடிக் காற்றுக்கு முன் வேலை முடிந்துவிட வேண்டும். ஐப்பசி மழை நெருங்கும்போது கூரையைப் பிரிப்பது ஆபத்து.

எப்படிப் பிரிப்பது?

முகட்டிலிருந்து தொடங்கி, இரு பக்கமும் சமமாக இறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் காலியானால் பாரம் சாய்ந்து சட்டம் விலகும். இறக்கிய ஓட்டை விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல ஓடு; மந்தமான சத்தம் வந்தால் விரிசல். நல்லதைத் துடைத்து அடுக்கி வைத்தால் பாதிச் செலவு மிச்சம்.

மரம் முக்கியம்

பனங்கைகளை, குறிப்பாகச் சுவருக்குள் செருகியிருக்கும் நுனிகளை, ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கரையானோ ஈரமோ தின்றுவிட்டது என்று அர்த்தம். மாற்றும்போது வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையையே கேளுங்கள். இளம் பனை சீக்கிரம் உளுத்துவிடும். ஆணி, திருகு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கடலோரத்தில் சாதாரண இரும்பு நிலைக்காது.

அடுக்கும் முறை

ரீப்பர் இடைவெளியை உங்கள் ஓட்டை வைத்தே அளக்கச் சொல்லுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி அடுக்க வேண்டும். செலவைக் குறைக்கக் கூரையின் சரிவைக் குறைத்தால், காற்றோடு அடிக்கும் மழை ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். முகட்டு ஓட்டுக்குச் சுண்ணாம்புக் கலவை நல்லது. வெறும் சிமென்ட் இறுகி வெடித்து, அந்த வெடிப்பில் நீர் இறங்கும்.

கடைசியாக, மேஸ்திரிக்குக் கணக்கு முடிக்கும் முன் முகட்டில் ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட்டு, உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் அன்றைக்கே சரிசெய்துவிடலாம்.