தபால் தலையில் நவமணிகள்

மண்டிக்கு வரும் கடிதத்தைப் படித்துவிட்டு உறையைக் கசக்கி எறிவது நம்மில் பலருக்குப் பழக்கம். அந்த உறையின் மூலையில் இருப்பதும் ஒரு சரக்குதான் என்பதை நாம் நஷ்டப்பட்டே தெரிந்துகொண்டோம்.

1976ஆம் ஆண்டு இலங்கை அரசு தன் நாட்டு மணிக்கற்களைப் படமாக்கி நான்கு தபால் தலைகளை வெளியிட்டது. நீலம், வைடூரியம், நட்சத்திர நீலம், மாணிக்கம் என்பன அவை. ஆக, நவமணிகளில் மூன்று ஒரே வெளியீட்டில் கிடைத்துவிடுகின்றன. இலங்கைத் தலைகளில் தமிழிலும் ‘இலங்கை’ என்று அச்சிட்டிருப்பது நமக்குத் தனி மகிழ்ச்சி.

அங்கே இரத்தினபுரி வட்டாரத்தில் பழைய ஆற்றுப் படுகைச் சரளையை வெட்டி எடுத்து, கூடையில் அலசிக் கற்களைப் பொறுக்குகிறார்கள். தென்பெண்ணை மணலையே பார்த்து வளர்ந்த மணலூர்பேட்டைக்காரர்களான நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது. நட்சத்திர நீலத்தில் ஆறு கதிர்கள் தெரிவது மாயமல்ல. கல்லுக்குள் மயிரிழை போன்ற ஊசிகள் மூன்று திசைகளில் அடுக்காகக் கிடந்து வெளிச்சத்தைத் திருப்புவதால் வருவது. ஊசிகள் ஒரே திசையில் கிடந்தால் ஒற்றைக் கோடு தெரியும். அதுதான் வைடூரியத்தின் பூனைக்கண்.

சுவிட்சர்லாந்து 1958 முதற்கொண்டும், அமெரிக்கா 1974இலும் கனிமத் தலைகளை வெளியிட்டன. நம் அஞ்சல் துறை 2000ஆம் ஆண்டு மணிகள், நகைகள் பற்றிய தலைகளை வெளியிட்டது.

கொழும்பில் கடை வைத்திருந்த உறவினர் அந்நாளில் எழுதிய கடிதங்களில் வந்த தலைகளைப் பிய்த்து, மைதாப் பசை தடவி நோட்டில் ஒட்டி வைத்தோம். கரப்பான் அரித்தது போக மிஞ்சியவையும் கிழிசலாயின. ஆகவே அனுபவத்தில் சொல்கிறோம்: முத்திரை குத்திய தலையைச் சுற்றி உறையோடு வெட்டி எடுத்து, தண்ணீரில் ஊறவிட்டுத் தானாகக் கழன்றபின், வெள்ளைத்தாளில் கவிழ்த்து உலர்த்திப் பேரேட்டின் அடியில் வைக்க வேண்டும். பசையோடு உள்ள புதுத் தலையை நனைக்கலாகாது.

வாங்கும்போது ஓரப் பற்கள் முழுதாக உள்ளனவா, கிழிசல், கறை உண்டா என்று பார்க்க வேண்டும். முத்திரை இருந்தும் பின்புறப் பசை அழியாதிருந்தால், அது கடிதத்தில் போகாமலே சேகரிப்போருக்காக முத்திரையிட்டு விற்றதாக இருக்கும். சில நாடுகள் கட்டுக்கட்டாக இப்படி விற்றதுண்டு. அதற்கு மதிப்பு குறைவு.

“பத்து வருஷத்தில் பத்து மடங்கு” என்று ஆல்பம் விற்க வருவோரை நம்பி முதலைப் போட வேண்டாம். கேட்டு வாங்க ஆள் இல்லாத சரக்குக்கு விலை ஏது? ஆசைக்குச் சேர்ப்பவர்கள், தபால் தலைப் பிரிவு உள்ள தலைமை அஞ்சலகத்தில் குறைந்தது 200 ரூபாய் கட்டிக் கணக்கு வைத்தால், புது வெளியீடுகளை முகமதிப்புக்கே பெறலாம்.

பழைய கடிதக் கட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கடைக்கு வந்து உட்காரும் பேரப்பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஊர், நாடு, கல் என்று அவர்கள் கேட்கும் கேள்விகளே நமக்கு லாபம்.