ஒன்யாங்கோ குழுவும் கூற்றுரிமையும்

பாட்டில் பேசும் குரலும் அதனை இயற்றியவர் குரலும் ஒன்றாதல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. தலைவி கூற்றாக ஆடவர் பாடுதல் அகப்பொருள் மரபில் யாவரும் அறிந்ததே. ஆயின், பிறர் எழுதிய கூற்றை உண்மையான இளம்பெண்கள் தம் சொந்தப் பேச்சே போலப் பாடுமாறு அமைக்கப்படும்பொழுது, அக்கூற்று யாருடையது என்னும் வினா எழுகின்றது. ஜப்பானில் ஈராண்டுகளுக்குச் சற்று மேலாகவே நிலைத்த ஒன்யாங்கோ என்னும் பாடற்குழுவை இவ்வினாவுக்குரிய சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

ஃபூஜி தொலைக்காட்சி 1985 ஏப்ரலில் 'யூயாகே ந்யான் ந்யான்' என்னும் பல்சுவை நிகழ்ச்சியைத் தொடங்கியது. யூயாகே என்பது அந்திச் செவ்வானம். ந்யான் என்பது பூனையின் ஒலிக்குறிப்பு. குழுவின் பெயரும் அவ்வொலியடியாகப் பிறந்ததே. பள்ளி விட்டு மாணவர் வீடு திரும்பும் மாலைப்பொழுதில், வார நாள்தோறும் அது ஒளிபரப்பாயிற்று. தொடக்கத்தில் குழுவில் இருந்தோர் 11 பேர். பெரும்பாலும் உயர்நிலைப்பள்ளி மாணவியர்.

இக்குழுவின் தனித்தன்மைகள் மூன்று. முதலாவது, தேர்வு. புதியவரைத் தெரிந்தெடுக்கும் செயலே நிகழ்ச்சியின் ஒரு பகுதியாயிற்று. பயிற்சி முற்றிய பாடகியரை அன்றி, பயிலாத மாணவியர் பாடகியராகும் காட்சியையே மக்கள் நாள்தோறும் கண்டனர். குறையே கவர்ச்சியாயிற்று.

இரண்டாவது, எண். ஒவ்வொருவர்க்கும் ஓர் உறுப்பினர் எண் வழங்கப்பட்டது; வரிசை 52 வரை நீண்டது. பலருள் ஒருத்தியைப் பிரித்தறிய எண் உதவிற்று. அதே எண், அவள் ஒரு வரிசையின் உறுப்பே என்பதையும் உணர்த்திற்று.

மூன்றாவது, விடைபெறல். குழுவினின்று நீங்குதலைப் பள்ளிப்படிப்பு முடிதலைக் குறிக்கும் 'சொத்சுக்யோ' என்னும் சொல்லாலேயே வழங்கினர். பிரிவு இழப்பாகாது பருவ மாற்றமாகத் தோன்றியது. ஒருவர் நீங்கினும் குழு குன்றாது என்னும் அமைப்பை இச்சொல் இயல்பாக்கிற்று.

இனிக் கூற்றுக்கு வருவோம். குழுவின் முதல் இசைத்தட்டு 1985 ஜூலையில் வெளிவந்தது. பள்ளிச் சீருடையைப் பொருளாகக் கொண்டு, காதல் விழைவைச் சிறுமியர் வாய்மொழியாகக் கூறுவது அது. அதனை எழுதியவரோ அக்கிமோட்டோ யசுஷி என்னும் ஆடவர். அந்நிகழ்ச்சியின் அமைப்பிலும் பங்குகொண்டவர். அகப்பாடலில் தலைவி பெயரற்றவள். அவள் கூற்றால் எந்தப் பெண்ணுக்கும் பழியில்லை. ஈண்டோ கூற்றுக்கு முகமும் வயதும் எண்ணும் உண்டு. சொல் எழுதியவர் மறைய, சொல்லின் சுமை பாடிய சிறுமியர் மேல் விழுகின்றது. இக்குழுவைக் குறித்து எழும் அறவினாவின் வேர் இதுவே என்பது நம் துணிபு.

1986-இல் இசைத்தட்டு விற்பனை வரிசையின் முதலிடத்தை, குழுவினரும் அதனினின்று தனித்துப் பாடியோரும் பாதிக்கு மேற்பட்ட வாரங்களில் கைக்கொண்டனர். எனினும் 1987 ஆகஸ்டு 31-இல் நிகழ்ச்சி முடிவுற்றது. அடுத்த மாதமே குழுவும் கலைந்தது. நிகழ்ச்சியே நிலமாக முளைத்த குழு, அந்நிலம் நீங்கியபின் நிற்க இயலவில்லை. குடோ ஷிசுகா போன்ற சிலர் தனிப்பாடகியராய் நிலைபெற்றனர்.

குழு மறையினும் முறை மறையவில்லை. அதே அக்கிமோட்டோ 2005-இல் தோற்றுவித்த ஏகேபி 48 என்னும் பெருங்குழுவில் தேர்வும் விடைபெறலும் மீண்டும் இடம்பெற்றன. பாடல் எழுதியவரும் அவரே. ஆதலின் ஒன்யாங்கோவின் குறுவாழ்வைத் தோல்வி எனல் பொருந்தாது. பாடுவோர் மாறினும் எழுதுவோர் மாறா அமைப்பொன்றின் முதற்படியாக அதனைக் கொள்ளுதலே தகும்.