பழைய ரம்பம்: பழுது பாருங்கள், பிரேக்கைக் கழற்றாதீர்கள்!



சங்க வேலையாக ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து அஞ்சடியில் ஒரு பெரியவர் பழைய சங்கிலி ரம்பத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, முன்னால இருக்கிற பிரேக்கைக் காணோமே?" என்றேன்.

"இடைஞ்சலா இருந்திச்சு தம்பி, கழட்டிட்டேன்" என்றார். சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். ஒரு சாண் நீளத் தழும்பு. "போன வருசம் எகிறி அடிச்சிச்சு. கழுத்து தப்பிச்சது சாமி புண்ணியம்."

சாமி எத்தனை தடவை காப்பாற்றும்?

வீட்டில் ரம்பம் பழுது பார்ப்பது தப்பில்லை. கடையில் கேட்கும் கூலி நமக்குக் கட்டுப்படியாகாது. முதலில் பிளக் வயரைக் கழற்றி விடுங்கள். கைதவறி இஞ்சின் ஓடாது. காற்று வடிகட்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். பெட்ரோல் குழாய் நாளாக ஆக விறைத்து வெடிக்கும். அதை மாற்றினாலே பல ரம்பங்கள் உயிர் பெற்றுவிடும். டூ-டி எண்ணெயைக் கண்ணளவாக ஊற்றாதீர்கள். 50க்கு 1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 25க்கு 1 என்றால் 40 மில்லி. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகிப் போகும்.

பல் தீட்டும்போது சங்கிலிக்கேற்ற உருண்டை அரத்தை எடுங்கள். பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 டிகிரி சாய்வு. உள்ளிருந்து வெளியே தள்ளித் தீட்டுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. இஞ்சின் மெதுவாக ஓடும்போது சங்கிலி சுற்றக் கூடாது. சுற்றினால் மெதுவோட்டத் திருகாணியைக் குறைக்க வேண்டும்.

ஆனால் மூன்று காரியம் செய்யவே கூடாது. வேகமாக வெட்ட வேண்டும் என்று பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு மேட்டை அதிகமாக அராவாதீர்கள். பல் ஆழமாகக் கடித்து ரம்பம் எகிறும். அதிர்வு தாங்கும் ரப்பரை எடுத்துவிட்டுப் போல்ட் போட்டு இறுக்காதீர்கள். நாளடைவில் விரல் மரத்து வெளுத்துப் போகும். பிரேக்கைக் கழற்றாதீர்கள். தகட்டின் நுனி மேல்புறம் கட்டையில் பட்டால் கண்மூடித் திறப்பதற்குள் ரம்பம் முகத்துக்கு வரும். சங்கிலியை அந்த நொடியில் நிறுத்துவது அந்தப் பிரேக்தான்.

இன்னொரு விசயம். தோட்டத்து ரம்பமா? அதை உங்கள் காசில், உங்கள் வீட்டில் சரி செய்ய வேண்டியதில்லை. இயந்திரத்தைப் பாதுகாப்பாகப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. கோளாறு இருந்தால் கிராணியிடம் எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக் கொள்ளுங்கள். வேலையில் காயம் பட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். "சின்னக் காயந்தானே" என்று மறைத்தால் நட்டம் நமக்குத்தான்.

அந்தப் பெரியவர் பிரேக்கைத் தேடி எடுத்துவிட்டார். பழைய பால் வாளிக்குள் கிடந்ததாம். நானே கூட நின்று மாட்டிவிட்டு வந்தேன். உங்கள் வீட்டு வாளியையும் ஒருமுறை பாருங்கள்!