புகையை விட்டவர்களின் துணையோடு புகையற்றிருத்தல்

பீடி, சிகரெட் பழக்கத்தை நிறுத்துவது ஒரு பணி. நிறுத்திய நிலையில் நீடிப்பது வேறொரு பணி. முதலாவதற்கு ஒரு முடிவும் ஒரு நாளும் போதும். இரண்டாவது மாதக்கணக்கில் நீளும். நிறுத்திய பலர் சில வாரங்களில் மீண்டும் புகைப்பதற்கு மனவலிமைக் குறைவு மட்டுமே காரணம் என்று நீங்கள் எண்ண வேண்டாம். அவர்கள் தனியாக நின்றதும் ஒரு காரணமாகும். தம்மைப் போலவே புகையை விட்ட ஒருவர், அல்லது விட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் அருகில் இருக்கும்போது அந்தக் கடினமான மாதங்களைக் கடப்பது எளிதாகிறது. அத்தகைய துணையை நீங்கள் எப்படித் தேடிக்கொள்வது, அத்துணை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முதல் நாட்களில் உடலில் நிகழ்வது

புகையிலையில் உள்ள நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை அடைந்து, தற்காலிகமான நிறைவுணர்வைத் தருகிறது. அது கிடைக்காதபோது எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, கவனச்சிதறல், அதிகப் பசி, மலச்சிக்கல் ஆகியவை தோன்றலாம். இவற்றை விலகல் அறிகுறிகள் என்கிறோம். முதல் இரண்டு, மூன்று நாட்களில் இவை உச்சத்தில் இருக்கும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். புகைக்க வேண்டும் என்ற வேட்கை ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்தச் சில நிமிடங்களை எவ்வாறு கழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே பெரும்பகுதி வெற்றி அமைகிறது.

இதற்கிடையே உடல் தன்னைச் சீர்செய்யத் தொடங்கிவிடுகிறது. கடைசிப் புகைக்குப் பின் 20 நிமிடங்களில் இதயத்துடிப்பு குறையத் தொடங்கும். 12 மணி நேரத்தில் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடின் அளவு இயல்புநிலைக்குத் திரும்பும். ஓராண்டு நிறைவில் மாரடைப்புக்கான கூடுதல் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆயினும் முதல் சில வாரங்களில் சிலருக்கு இருமலும் சளியும் கூடுவதுண்டு. அவர்கள், ‘விட்ட பிறகுதான் உடம்பு கெட்டது’ என்று கருதி மீண்டும் பற்றவைத்துவிடுகிறார்கள். ‘எனக்கும் அப்படித்தான் இருந்தது, பிறகு சரியாகிவிட்டது’ என்று சொல்ல ஒருவர் இருந்தால் அந்த அச்சம் நீங்கும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் கலந்து வந்தாலோ, அதை எவருடைய அனுபவத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பழக்கம் தொடங்கிய இடம்

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். இறைவனையே தோழராகக் கொண்டவர் என்பதால் ‘தம்பிரான் தோழர்’ என அழைக்கப்பட்டவர் அவர். தோழமைக்குப் பெயர்பெற்ற இவ்வூரிலும், இதைச் சூழ்ந்த கள்ளக்குறிச்சி மாவட்டச் சிற்றூர்களிலும் புகைப்பழக்கம் பெரும்பாலும் தோழமையின் வழியாகவே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கரும்பு வெட்டும்போது கிடைக்கும் இடைவேளை, நெடுஞ்சாலையோரத் தேநீர்க்கடை, பெட்டிக்கடையில் தொங்கும் நெருப்புக் கயிறு, அதில் பற்றவைத்து அடுத்தவருக்கு நீட்டும் கை ஆகியவற்றில் தனிமை எங்குமே இல்லை. நீங்கள் புகையை விடும்போது நிக்கோட்டினை மட்டும் விடுவதில்லை; அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு இருந்த இடத்தையும் சிறிது இழக்கிறீர்கள். மருந்துகளால் ஈடுசெய்ய இயலாத இழப்பு இது.

2016-17ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட வயதுவந்தோர் புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உடையோரில் ஐந்தில் ஒருவர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துகிறார். இந்திய அளவில் சிகரெட் புகைப்போர் 4.0 விழுக்காடு, பீடி புகைப்போர் 7.7 விழுக்காடு. பீடி இலையால் ஆனது, ஆகவே கேடு குறைவு என்ற எண்ணம் தவறானது. பீடி அடிக்கடி அணைந்துவிடுவதால் அதை மேலும் பலமுறை ஆழமாக இழுக்க நேர்கிறது. அதன் புகையில் உள்ள நிக்கோட்டினும் தாரும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல.

துணையின் பயனைப் பற்றி ஆய்வுகள் கூறுவது

அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 1971 முதல் 2003 வரை 12,067 பேரின் உறவுகளையும் நட்புகளையும் புகைப்பழக்கத்தையும் ஒருசேரக் கவனித்த ஆய்வு 2008ஆம் ஆண்டில் வெளியானது. கணவனோ மனைவியோ புகையை நிறுத்தியபோது, மற்றவர் புகைப்பதற்கான வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்திருந்தது. நண்பர் நிறுத்தியபோது அது 36 விழுக்காடும், உடன்பிறந்தவர் நிறுத்தியபோது 25 விழுக்காடும் குறைந்திருந்தது. தனித்தனி ஆட்களாக இல்லாமல், ஒருவரோடு ஒருவர் தொடர்புடையோர் கூட்டங்கூட்டமாகப் புகையை விட்டிருந்தனர் என்பதே அதன் முதன்மையான கண்டுபிடிப்பு.

குழுவாகக் கூடி நடத்தப்படும் பயிற்சிகள் குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீடும் இதை ஆதரிக்கிறது. கையேட்டை மட்டும் படித்துத் தாமாக முயன்றவர்களைவிடக் குழுவில் பங்கேற்றவர்கள் கூடுதலாக வெற்றி பெற்றனர். எனினும், மருத்துவ ஆலோசகர் ஒருவரிடம் தனியாகப் பெறும் ஆலோசனையைவிடக் குழு சிறந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லை. ஆகவே இரண்டில் எது உங்களுக்கு எளிதில் கிடைக்கிறதோ அதைத் தொடங்குங்கள். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

துணையால் உதவி பெறுபவர் மட்டுமே பயனடைவதில்லை, உதவுபவரும் பயனடைகிறார். 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடிநோயாளிகளான ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்து உரையாடியதிலிருந்தே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் பிறந்தது. மற்றொரு குடிநோயாளிக்கு உதவுவது தம்மையும் குடியிலிருந்து காக்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. புகையை விட்டு ஆறு மாதங்கள் கடந்தவர், ‘இனி எனக்குக் குழு எதற்கு?’ என்று விலகிவிடலாகாது என்பதற்கும் இதுவே காரணம்.

உங்கள் ஊரில் ஒரு சிறு குழு

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மூவர் போதும். அவர்களுள் ஒருவராவது புகையை விட்டு ஓராண்டு கடந்தவராக இருப்பது நல்லது. அத்தகையவர் எல்லா ஊரிலும் இருப்பார். மாரடைப்புக்குப் பின் நிறுத்தியவர், காசநோய்ச் சிகிச்சையின்போது நிறுத்தியவர், பேரக்குழந்தை பிறந்ததும் நிறுத்தியவர் என உங்கள் தெருவிலேயே தேடிப்பாருங்கள். அவர்கள் தாமாக முன்வந்து சொல்வதில்லை. கேட்டால் மறுப்பதும் இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் கேட்கலாம். மற்றவரின் ஒப்புதலைப் பெற்ற பிறகே அவர் உங்களை அறிமுகப்படுத்துவார்.

மூவரும் ஒரே நாளில் நிறுத்துவது சிறப்பு. இயலாவிட்டால் இரண்டு வார இடைவெளிக்குள் நிறுத்தலாம். முதல் வாரம் நாள்தோறும் ஒருமுறை நேரில் சந்தியுங்கள் அல்லது கைப்பேசியில் பேசுங்கள். முன்பு புகைப்பதற்காகக் கூடிய அதே நேரத்தைச் சந்திப்புக்குத் தேர்ந்தெடுங்கள். இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். காலைத் தேநீருக்குப் பின் வரும் வேட்கை மிகக் கடுமையானது. அந்நேரத்தில் பெட்டிக்கடைக்கு மாறாகக் குளக்கரையிலோ நூலகத் திண்ணையிலோ பத்து நிமிடங்கள் ஒன்றாக நின்றாலே அது கடந்துவிடும்.

சந்திக்கும்போது அறிவுரை கூறுவதைத் தவிர்க்கவும். புகையின் கேடுகள் உங்கள் மூவருக்கும் முன்பே தெரியும். ‘நேற்று எந்த நேரம் கடினமாக இருந்தது? அப்போது என்ன செய்தீர்கள்?’ என்ற இரண்டு கேள்விகளே போதுமானவை. ஒருவர் கிராம்பை வாயில் போட்டுக்கொண்டேன் என்பார். இன்னொருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சென்றேன் என்பார். பதில்கள் எளிமையானவையாகத் தோன்றலாம். ஆனால் உங்களுடைய வேலை, உங்களுடைய வெயில், உங்களுடைய களைப்பு ஆகியவற்றை அறிந்தவரிடமிருந்து வருவதால் அவை பயன்தருகின்றன. பீடிக்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை போடலாம் என்று யாரேனும் கூறினால் மட்டும் உடனே மறுத்துவிடுங்கள். நிக்கோட்டின் அடிமைத்தனம் அப்படியே தொடர்வதோடு, வாய்ப்புற்றுநோய்க்கும் அது வழிவகுக்கும்.

குழு முழுவதும் ஒரே நாளில் சறுக்கும் வாய்ப்பும் உண்டு. திருமணம், காதுகுத்து, தேர்த்திருவிழா போன்ற நாட்களில் கூடுதல் கவனம் தேவை. இவை எல்லாவற்றினும் கடினமானது துக்க வீடு. இரவு முழுதும் விழித்திருக்கும் பந்தலில், சில ஊர்களில் வெற்றிலைத் தட்டோடு பீடிக் கட்டும் சுற்றிவரும். துயரமும் தூக்கமின்மையும் கூடிய அவ்வேளையில் மறுப்பது எளிதன்று. முன்கூட்டியே மூவரும் அருகருகே அமர முடிவு செய்துகொள்ளுங்கள். தட்டு வரும்போது ஒருவர் ‘நாங்கள் விட்டுவிட்டோம்’ என்று மூவருக்காகவும் சொல்லிவிடலாம். ‘நான்’ என்று சொல்வதைவிட ‘நாங்கள்’ என்று சொல்வது எளிது.

ஒருவர் மீண்டும் புகைத்துவிட்டால்

இது நிகழக்கூடியதே. நிலையாக விட்டவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் ஒருமுறைக்கு மேல் முயன்று தோற்றவர்களே. ஒரு பீடி புகைத்ததைச் சறுக்கல் என்றே கொள்க; பழைய பழக்கம் முழுதும் திரும்பிவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. சறுக்கலுக்கும் முழுமையான வீழ்ச்சிக்கும் இடையில் பெரும்பாலும் இருப்பது வெட்கம்தான். வெட்கப்படுபவர் சந்திப்புக்கு வரமாட்டார். வராதவர் மறுநாளும் புகைப்பார். ஆகவே குழுவுக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி இருக்கட்டும்: புகைத்துவிட்டவர் அன்றே மற்றவரிடம் சொல்ல வேண்டும், கேட்பவர் கடிந்துகொள்ளக் கூடாது. மீதமுள்ள பீடிகளைத் தண்ணீரில் நனைத்து எறிந்துவிட்டு, எந்தச் சூழலில் அது நேர்ந்தது என்பதை மட்டும் பேசுங்கள். நாள்கணக்கை அழித்து முதலிலிருந்து தொடங்கச் சொல்லும் வழக்கம் சில குழுக்களில் உண்டு. நாற்பது நாட்கள் புகைக்காதிருந்தவரின் அந்த நாற்பது நாட்களும் அவருடையவையே. அவற்றைப் பறிப்பதால் பயன் எதுவும் இல்லை.

குடும்பத்தாருக்கும் பராமரிப்பாளருக்கும்

வீட்டில் ஒருவர் புகையை விட்டிருக்கும்போது, அவருடைய முதல் சில வாரச் சினத்தை நிக்கோட்டினின் சினமாகக் கருதிப் பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டையை முகர்ந்து பார்ப்பது, பிள்ளைகளை விட்டு வேவு பார்ப்பது ஆகியவை ஒளித்துப் புகைக்கவே கற்றுக்கொடுக்கும். அவருடைய துணைவர்கள் வீடு தேடி வந்தால் மோரோ தேநீரோ கொடுத்துச் சற்று நேரம் பேச விடுங்கள். உங்களால் சொல்ல முடியாததை அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். வீட்டில் இருவருக்குப் பழக்கம் இருந்தால் இருவரும் ஒரே நாளில் நிறுத்துவதே நல்லது. பெண்களுக்குப் புகைப்பழக்கமோ மெல்லும் புகையிலைப் பழக்கமோ இருந்தால் வெளியே சொல்லத் தயங்குவர். மகளிர் சுயஉதவிக் குழுவில் நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துணையாகக் கொள்ளலாம்.

துணைவர்களால் இயலாதவை

ஒருவருக்குக் கொடுத்த மருந்தை மற்றவர் பகிர்ந்துகொள்ளக் கூடாது. நிக்கோட்டின் மெல்லும் பசையை மிட்டாய்போல் தொடர்ந்து மெல்லாமல், சிறிது மென்று கன்னத்தில் ஒதுக்கி வைத்து, மீண்டும் மெல்ல வேண்டும். எந்த அளவில், எவ்வளவு காலம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். விழித்தவுடன் அரை மணி நேரத்துக்குள் புகைக்கும் பழக்கம் இருந்தவர்களுக்கு மருந்தின் உதவியும் பெரும்பாலும் தேவைப்படும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் மாத்திரை உட்கொள்பவர்கள், மனநோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள் ஆகியோர் புகையை நிறுத்துவதை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். மருந்தின் அளவை மாற்ற நேரலாம். சோர்வும் நம்பிக்கையின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். நெஞ்சுவலிக்கு 108.

துணைவர் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1800-11-2356 என்ற கட்டணமில்லா தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 2016ஆம் ஆண்டு முதல் செயல்படுகிறது. 2018 செப்டம்பர் முதல் பீடிக் கட்டுகளிலும் சிகரெட் பெட்டிகளிலும் இவ்வெண் அச்சிடப்படுகிறது. தமிழிலும் ஆலோசனை பெறலாம். நீங்கள் நிறுத்தும் நாளைக் குறித்த பின் ஆலோசகரே உங்களை மீண்டும் அழைத்து நலம் கேட்பார். நேரில் ஆலோசனை பெற விரும்புவோர் தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் புகையிலைப் பழக்க மீட்பு ஆலோசனைப் பிரிவுக்குச் செல்லலாம். செல்லும்போது இப்போது உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும், ஒரு நாளில் எத்தனை பீடி அல்லது சிகரெட், எழுந்தவுடன் எவ்வளவு நேரத்தில் முதலாவது என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் உங்களோடு நிறுத்தவிருக்கும் நண்பரையும் அழைத்துச் செல்லுங்கள்.