பல்லைப் பிடுங்கிய குறடு கல்லீரலையும் கெடுக்கலாம்

பல் வலி வந்துவிட்டால் ராத்தூக்கம் போய்விடும். விடிந்தால் ஷிப்டுக்கோ ஆபீசுக்கோ போக வேண்டும். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். ஆகவே, நடைபாதையில் குறடும் கண்ணாடியும் பரப்பி உட்கார்ந்திருப்பவரிடம் பல்லைப் பிடுங்கிக் கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் பெரிய நகரங்களில் இன்றும் உண்டு. வலி நிற்கும், காசும் மிச்சம். ஆனால் அந்தக் குறடு அதற்கு முன் யார் வாயில் இருந்தது?

உலர்ந்த ரத்தத்திலும் ஆபத்து

பல் பிடுங்கும்போதும் சுத்தம் செய்யும்போதும் கருவியில் ரத்தம் படும். கல்லீரலைத் தாக்கும் 'ஹெபடைடிஸ் பி' என்ற வைரஸ் கிருமி, உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் வீரியத்தோடு இருக்கக்கூடியது. துணியால் துடைப்பதாலோ, மருந்துத் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுப்பதாலோ அது ஒழியாது.

கிருமி தொற்றிய உடனே எதுவும் தெரியாது. 1 முதல் 6 மாதம் கழித்துக் காமாலை வரலாம். பலருக்கு அதுவும் வருவதில்லை. சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் கல்லீரல் சுருங்கிப் போகிறது, புற்றுநோயும் வருகிறது. அப்போது பழைய பல் வலியை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

மாணவர்களின் முதல் பாடம்

பல்லைச் சுத்தம் செய்யும் 'டெண்டல் ஹைஜீனிஸ்ட்' வேலையை 1948-ம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே அங்கீகரித்திருக்கிறது. இந்தப் படிப்பில் சேரும் மாணவர்களுக்கு முக்கியமான பாடம் ஒன்று உண்டு: முகத்தைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது, ஆகவே வருகிற ஒவ்வொருவரிடமும் தொற்று இருக்கலாம் என்றே எண்ணி வேலை செய்ய வேண்டும்.

காரணம் இருக்கிறது. நோயாளியைக் குத்திய ஊசி, தடுப்பூசி போடாத பணியாளரைக் குத்தினால், 'ஹெபடைடிஸ் பி' 100-ல் 6 முதல் 30 பேருக்குத் தொற்றலாம். எய்ட்ஸ் கிருமி தொற்றுவது 1,000-ல் சுமார் 3 பேருக்குத்தான். அதனால்தான் மாணவர்கள் 3 தவணைத் தடுப்பூசி போட்டுக் கொள்ள வேண்டும் என்பது.

ஒவ்வொரு நோயாளிக்கும் புதுக் கையுறை வேண்டும். கருவிகளை முதலில் நன்றாகக் கழுவ வேண்டும்; ஒட்டிய ரத்தத்துக்குள் கிருமி ஒளிந்து கொள்ளும். பிறகு 'ஆட்டோகிளேவ்' எந்திரத்தில், 121 டிகிரி நீராவியில், சுமார் அரை மணி நேரம் வைக்க வேண்டும். வீட்டு பிரஷர் குக்கரின் தத்துவம்தான் இது. வெறும் கொதிநீர் 100 டிகிரியோடு நின்றுவிடும். சில கிருமிகளின் வித்துகள் அதில் சாவதில்லை.

தயங்காமல் கேளுங்கள்

கருவியை உறையிலிருந்து எடுக்கிறார்களா, ஊசி புதியதா, கையுறை மாற்றினார்களா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அதேபோல், முன்பு காமாலை வந்ததையோ, இரண்டு வாரமாக நீடிக்கும் இருமலையோ டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

மும்பையில் இருப்பவர்கள் மும்பை சென்ட்ரல் அருகே மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். நடைபாதையில் பல் பிடுங்கிக் கொண்டவர்கள் ரத்தப் பரிசோதனை செய்து கொள்வது நல்லது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதற்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். கல்லீரல் போனால் குடும்பத்தின் சோறே போகும்.