கடலுக்கடியால் கார் போக என்ன கூலி?

கொழும்புத் துறைமுகத்தில் கார் இறக்குவதுதான் எனக்குச் சோறு போட்ட தொழில். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் குடியிருந்த காலத்தில், காலையில் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே துறைமுகத்துக்குப் போய்விடுவேன். வார்ஃப் கிளார்க் என்று எங்களுக்குப் பெயர். கப்பலில் வந்ததைச் சுங்கத்தில் காட்டி, வரி கட்டி, வாசலுக்கு வெளியே கொண்டுவந்து உரியவரிடம் கொடுப்பது வேலை. அதனால் காரைக் கடல் தாண்டி எடுப்பது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கடதாசிதான். பில் ஒஃப் லேடிங், டெலிவரி ஓடர், துறைமுகக் கட்டணம், ஒரு நாள் பிந்தினால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம்.

இப்போது வெள்ளவத்தையில், இராமகிருஷ்ண வீதிப் பக்கம் பிள்ளைகளோடு இருக்கிறேன். தங்கச்சியின் மூத்தவள் லண்டனில், ஹரோவில் இருக்கிறாள். கலியாணம், சாமத்தியவீடு, லாச்சப்பல் மாணிக்கப் பிள்ளையாரின் தேர் என்று ஏதாவது ஒன்றுக்காக அவர்கள் குடும்பமாகப் பாரிசுக்கு ஓடுவது வழக்கம். விமானத்தைப் பற்றி யோசிப்பதேயில்லை. காரை ரயிலில் ஏற்றி, கடலுக்கடியால் 35 நிமிடத்தில் பிரான்ஸ். அவள் இதைப் பொரளைக்குப் போய்வந்த கதைபோல போனில் சொன்னபோது, என் தொழில் புத்திக்கு வந்த கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு காசு?

“காருக்குத்தான் காசு மாமா, ஆளுக்கு இல்லை” என்றாள்.

இதுதான் அந்தக் கட்டணத்தின் முதல் விசேஷம். இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனிலிருந்து பிரான்சில் கலே நகரத்துக்குப் பக்கத்திலுள்ள கொக்கெல் வரை ஓடும் இந்த ரயில் சேவைக்கு லெ ஷட்டில் என்று பெயர். ஒரு காருக்கு ஒரு விலை. உள்ளே ஒருவர் இருந்தாலும் ஒன்பது பேர் இருந்தாலும் அதே விலை. தாய் தகப்பன், மாமன் மாமி, மூன்று பிள்ளைகள் என்று ஏழு பேரை ஒரே வானில் அடைத்துக்கொண்டு போகிற எங்கள் சனத்துக்கென்றே செய்த மாதிரி. சூட்கேசுக்குத் தனிக் காசு இல்லை. கூறைப்புடவைப் பெட்டியை யாரும் தராசில் வைப்பதும் இல்லை.

இரண்டாவது விசேஷம், ‘என்ன விலை’ என்று கேட்டால் ‘எப்போது’ என்று திருப்பிக் கேட்பார்கள். தை மாதத்து வார நாளொன்றில் விடியப்புறம் போகிற கார் ஒரு விலை. ஓகஸ்ட் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போகிற கார் இன்னொரு விலை. அன்றே திரும்புவதற்கு ஒன்று, ஐந்து நாளுக்குள் திரும்புவதற்கு ஒன்று, எப்போது வேண்டுமானாலும் போய் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதற்கு மிக உயர்ந்த ஒன்று. முந்திப் பதிந்தவனுக்கு மலிவு. பிள்ளையார் தேர் ஓகஸ்ட் கடைசியை ஒட்டி வருவதால் பிரெஞ்சுக்காரரின் கோடை விடுமுறை, இங்கிலாந்தின் பள்ளி விடுமுறை, எங்கள் தேர் மூன்றும் ஒரே ரயிலுக்கு முண்டியடிக்கும். மருமகள் கடைசியாகத் தேருக்குப் போனபோது போகவர 250 பவுணைத் தாண்டியது. எங்கள் காசில் ஒரு லட்சம். ஆளுக்குப் பிரித்தால் பதினாலாயிரம் சொச்சம். கோடையில் ஏழு பேருக்கு விமானச் சீட்டு எடுத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு விளங்கும்.

ஏறுவது எப்படி என்று துருவித் துருவிக் கேட்டேன். வாசலில் கமரா நம்பர் பிளேட்டைப் பார்த்து, பதிந்த காரா என்று அதுவே கண்டுபிடிக்கிறது. பிரெஞ்சுக் குடிவரவு அதிகாரியும் இங்கிலாந்து மண்ணிலேயே இருந்து கடவுச்சீட்டைச் சோதித்துவிடுகிறார். ஆகையால் அந்தப் பக்கம் இறங்கிய பிறகு நிற்கவே தேவையில்லை. ரயில் ஏறக்குறைய 800 மீற்றர் நீளம். பெட்டியின் பக்கவாட்டுக் கதவால் காரை உள்ளே ஓட்டி, பெட்டிக்குப் பெட்டி ஓட்டிக்கொண்டே போய், முன்னாலுள்ள காருக்குப் பின்னால் நிறுத்த வேண்டும். கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, கண்ணாடியைப் பாதி இறக்கிவிடச் சொல்வார்கள். பிறகு பெட்டிகளுக்கு இடையே தீத்தடுப்புக் கதவுகள் மூடும். காருக்குள்ளேயே இருக்கலாம், இறங்கிப் பக்கத்தில் நிற்கலாம். கூரையில் பெட்டி கட்டி உயரம் 1.85 மீற்றரைத் தாண்டினால் ஒற்றைத் தட்டுப் பெட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். எல்பிஜி வாயுவில் ஓடும் காரை ஏற்றவே மாட்டார்கள். மட்டன் ரோல்சும் ஏறாது. 2021இலிருந்து பிரிட்டனிலிருந்து இறைச்சி, பால் உணவு எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. லண்டன் மாமிமார் இரவிரவாகச் சுட்ட பலகாரத்தில் எது போகும், எது போகாது என்று பிரித்துக் கட்டுவதே ஒரு வேலையாம்.

இனி என் தொழில்காரப் புத்தி கேட்ட அடுத்த கேள்வி. இந்த 250 பவுணில்தான் அந்தச் சுரங்கம் வெட்டிய செலவு அடங்குகிறதா?

அடங்கவில்லை. அந்தக் கதை சுவையானது. 1986இல் மார்கரெட் தட்சரும் பிரான்சுவா மித்திரோனும் சுரங்கத்துக்கு ஒப்பந்தம் செய்தபோது போட்டுக்கொண்ட நிபந்தனை, அரசாங்கக் காசு ஒரு சதமும் தருவதில்லை என்பது. வங்கிக் கடனும் பங்குக் காசும்தான் முதல். பாலம், காரை நேராக ஓட்டிக்கொண்டு போகிற சுரங்கம் என்று வேறு திட்டங்களும் வந்திருந்தன. ஐம்பது கிலோமீற்றருக்குக் கார்ப் புகையை வெளியேற்றுவது எப்படி, அவ்வளவு தூரம் சுவரைப் பார்த்து ஓட்டுகிறவன் தூங்கிப்போனால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு முன் ரயில் வென்றது. இரண்டு ரயில் சுரங்கம், நடுவில் ஒரு சேவைச் சுரங்கம். மொத்த நீளம் 50 கிலோமீற்றர் சொச்சம், அதில் கடலுக்கடியில் மட்டும் 38. உலகில் இதைவிட நீளமாகக் கடலுக்கடியில் ஓடும் சுரங்கம் வேறில்லை. ஜப்பானின் செய்கான் சுரங்கம் மொத்தத்தில் இதைவிட நீளம், ஆனால் கடலுக்கடியில் 23 கிலோமீற்றர்தான். அதில் கார் ஏற்றுவதும் இல்லை.

தோண்டியது சுண்ணமும் களியும் கலந்த ஒரு பாறைப் படையில். தண்ணீரை உள்ளே விடாது, வெட்டவும் இளகிய பாறை. அப்படியிருந்தும் பத்துத் தொழிலாளர் உயிரிழந்தார்கள். 1985 விலைக் கணக்கில் 260 கோடி பவுண் என்று போட்ட மதிப்பீடு 465 கோடியில் போய் முடிந்தது. வட்டி அதற்கு மேலே. 1994 மே 6இல் எலிசபெத் மகாராணியும் மித்திரோனும் திறந்து வைத்தார்கள். காரேற்றும் சேவை அந்த வருடக் கடைசியில்தான் தொடங்கியது. மறுவருடமே, 1995 செப்டெம்பரில், நடத்திய நிறுவனம் வங்கிகளுக்கு வட்டி கட்டுவதை நிறுத்தியது.

ஏன் விலையை ஏற்றிக் கடனை அடைக்கவில்லை? பக்கத்தில் கப்பல் இருந்தது. டோவரிலிருந்து கலேக்குக் காரேற்றும் கப்பல் ஒன்றரை மணித்தியாலத்தில் போகிறது. சுரங்கம் விலையை ஏற்றினால் சனம் கப்பலுக்குத் திரும்பிவிடும். முதல் போட்டவன் எவ்வளவு கடன் பட்டான் என்பதைக் கேட்டு யாரும் டிக்கற் வாங்குவதில்லை. கடைசியில் 2007இல் கடனில் பாதிக்கு மேல் குறைத்துத்தான் கம்பனியைக் காப்பாற்றினார்கள். 2009 வரை பங்குதாரர் ஒரு சதம் இலாபப் பங்கு பார்க்கவில்லை. ஓய்வூதியப் பணத்தைக் கொண்டுபோய் அதில் போட்ட சாதாரண பிரெஞ்சுக்காரர் ஏராளம். மருமகள் குடும்பத்தின் மலிவுப் பயணத்தில் ஒரு பங்கை முப்பது வருடத்துக்கு முன்பே அவர்கள் கட்டிவிட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இந்த இடத்தில்தான் பேச்சு தலைமன்னாருக்கு வரும். வெள்ளவத்தையில் நாலு கிழவர் சேர்ந்தால் வராமல் இருக்காது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், கொழும்பு கோட்டையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயில் பிடித்து மதராசுக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. ஒரே டிக்கற். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்ற பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி ஓடியது. 1984 அளவில் அதுவும் நின்றுபோனது. அந்தக் காலத்தில் இராமேஸ்வரத் தீவுக்குச் சாலைப் பாலமே இல்லை, 1988இல்தான் திறந்தார்கள். அதுவரை கடலைத் தாண்டும் முன் பாம்பனைத் தாண்டுவதற்கே காரை மண்டபத்தில் ரயில் வாகனில் ஏற்ற வேண்டும்.

2015 டிசம்பரில் இந்திய அமைச்சர் நிதின் கட்கரி, இராமேஸ்வரத்தையும் இலங்கையையும் பாலமும் சுரங்கமுமாக இணைக்க 24,000 கோடி இந்திய ரூபாய் செலவாகும், ஆசிய அபிவிருத்தி வங்கி முழுவதும் கடன் தரத் தயார் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அப்படியொரு பேச்சே நடக்கவில்லை என்றார் இங்கே நெடுஞ்சாலை அமைச்சராக இருந்த லக்ஷ்மன் கிரியெல்ல. 2023 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்க டெல்லிக்குப் போனபோது, தரைவழி இணைப்புக்குச் சாத்தியக்கூற்று ஆய்வு செய்வதென்று இரு நாடும் கூட்டறிக்கையில் எழுதின.

தூரம் ஒரு தடையல்ல. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீற்றருக்குள். அந்த இங்கிலாந்துச் சுரங்கத்தின் கடலடிப் பகுதியைவிடக் குறைவு. இராமர் அணை மணல் திட்டுகளுக்கிடையே பல இடங்களில் தண்ணீர் சில மீற்றர்தான். தண்டவாள அகலம்கூட இன்று இரு பக்கமும் ஒன்று, ஐந்தரை அடி. பழைய கப்பல் ரயில் ஓடிய காலத்தில் அந்தப் பக்கம் மீற்றர் கேஜ், இந்தப் பக்கம் அகலப் பாதை. இரண்டு நாட்டிலும் வாகனம் இடப்பக்கம்தான் ஓடுகிறது. கலேயில் இறங்கியதும் மருமகளின் புருஷன் வலப்பக்கத்துக்கு மாறி முதல் ரவுண்டபவுட்டில் வேர்த்துக்கொட்டுகிற மாதிரி இங்கே யாருக்கும் நேராது.

தடை கணக்கில் இருக்கிறது. நானே ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 24,000 கோடிக்கு ஆறு வீத வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு 1,440 கோடி இந்திய ரூபாய். லெ ஷட்டிலில் வருடத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் கார் போகிறது. அதே இருபது லட்சம் இங்கும் போனால் ஒரு காருக்கு வட்டி மட்டும் 7,200 இந்திய ரூபாய். பரவாயில்லை, தாங்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரம் கார் என்று வைத்துப் பாருங்கள். அதுவே எனக்குத் தாராளக் கணக்காகப் படுகிறது. வட்டி மட்டும் காருக்கு 39,000க்கு மேல். இலங்கைக் காசில் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும், ஒரு வழிக்கு. முதல் அப்படியே நிற்கும், பராமரிப்பும் மின்சாரமும் வேறு. இங்கிலாந்துக்காரனுக்கு வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் லொறியும் வருகிறது, யூரோஸ்டார் ரயில் கட்டும் வாடகையும் வருகிறது. எங்களுக்கு யார் வருவார்?

அதோடு கடதாசி. லண்டன் கார் பிரான்சுக்குப் போகச் சுங்கத்தில் ஒரு புத்தகமும் தேவையில்லை. இலங்கைக் கார் இந்தியாவுக்குப் போவதென்றால் கார்னே வேண்டும். ‘இந்தக் கார் திரும்பி வரும், விற்றுவிட மாட்டான்’ என்று மோட்டார் சங்கம் கொடுக்கும் உத்தரவாதம் அது. ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. உள்ளே போகும்போது ஒன்றைக் கிழிப்பார்கள், வெளியே வரும்போது ஒன்றை, மூன்றாவது முத்திரையோடு புத்தகத்திலேயே நிற்கும். வெளியேறும் முத்திரை விழாவிட்டால் காருக்குரிய முழு வரியையும் அந்த நாட்டுச் சுங்கம் சங்கத்திடம் கேட்கும். சங்கம் உங்களிடம் வரும். அதற்காகத்தான் முதலிலேயே வைப்புப் பணமோ வங்கி உத்தரவாதமோ வாங்கிவைக்கிறார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திறந்த நாடு இது. இங்கே வரி காரின் விலையையே விழுங்குமளவுக்கு இருக்கும். தூத்துக்குடிக்காரன் ஒருவன் தன் காரை வெள்ளவத்தைக்குக் கொண்டுவர எவ்வளவு பணத்தை முடக்க வேண்டிவரும் என்பதை, வரி நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற வாடிக்கையாளர்களின் முகத்தைப் பார்த்தவன் நான், ஊகிப்பேன்.

சுரங்கத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் ஒரு கப்பல் விடுங்கள் என்கிறேன். கார் தானே ஓடி ஏறித் தானே ஓடி இறங்கும் ரோ-ரோ கப்பல். தலைமன்னார் இறங்குதுறை வரை ரயில் 2015இலேயே திரும்பிவிட்டது. பாம்பனில் புதுப் பாலமும் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2024 ஓகஸ்டிலிருந்து மறுபடி ஓடும் கப்பல் ஆட்களைத்தான் ஏற்றுகிறது. அதில் காருக்கு இடமில்லை. காரேற்றும் கப்பல் ஒன்று நாலைந்து வருடம் ஓடி, எத்தனை கார் உண்மையில் கடலைத் தாண்டுகிறது, கார்னே வைப்பை இரு அரசும் எவ்வளவுக்குக் குறைக்கும் என்று தெரிந்த பிறகு அந்த 24,000 கோடியை மேசைக்கு எடுக்கலாம்.

இன்றைக்கு உங்கள் காரை இந்தியாவுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் வழி பழைய வழிதான். பெற்றோலை வடித்து, பற்றறியைக் கழற்றி, கொண்டெய்னருக்குள் ஏற்றிச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பெல்ட்டால் இறுக்கிக் கப்பலேற்ற வேண்டும். இதை மருமகளுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். கொண்டெய்னர் பூட்டுகிற இடத்துக்கு வரும்போதே அவளுக்குச் சிரிப்பு.

“அந்தக் கார் தூத்துக்குடியில இறங்க முதல் நான் பாரிசில கலியாணம் பார்த்து, பந்தியும் சாப்பிட்டு, ஹரோவுக்கு வந்திடுவன் மாமா.”

டெமரேஜ் பற்றி அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.