ரயில் வந்தால் மட்டும் போதுமா?

ஊருக்கு ரயில் வருகிறது என்றால் முதலில் மகிழ்பவர்கள் வியாபாரிகளாகிய நாம்தான். அம்பத்தூர், ஆவடி கடைவீதிகளின் வளர்ச்சியில் அரக்கோணம் மார்க்க மின்சார ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. ரயில் நிலையமே இல்லாதிருந்த பூந்தமல்லிக்குக் கலங்கரை விளக்கத்திலிருந்து சுமார் 26 கி.மீ. மெட்ரோ பாதை வகுத்தார்கள். கோயம்பேட்டிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை சுமார் 22 கி.மீ. பாதைக்கும் திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் ரயிலோடு வியாபாரமும் தானாக வந்துவிடும் என்று நாம் கணக்குப் போடக் கூடாது.

சென்னைப் பறக்கும் ரயிலைப் பாருங்கள். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடியது. 1997இல் மயிலாப்பூரையும், 2004இல் திருவான்மியூரையும், 2007இல் வேளச்சேரியையும் எட்டியது. சுமார் 19 கி.மீ. தூரத்துக்கு 12 ஆண்டுகள்! அங்கிருந்து பரங்கிமலைக்கு 5 கி.மீ.தான். அதிலும் அரை கி.மீ. நிலப் பிரச்சினையில் சிக்கி, மேலும் 15 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. தாம்பரம் பாதையோடு சேராத ரயிலில் தென் புறநகர் மக்கள் எப்படி ஏறுவார்கள்?

நிலையங்களைப் பிரம்மாண்டமாகக் கட்டினார்கள். கடைகளுக்கென விட்ட தளங்களோ பல ஆண்டுகள் காலியாகக் கிடந்தன. கால்வாயை ஒட்டிய பாதை. வாசலுக்கு வந்து ஆளை ஏற்றிச் செல்லப் போதிய பேருந்து இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் யார் கடை போடுவார்கள்?

வேலை நடக்கும் காலத்து நஷ்டம் தனி. நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக்காரர் ஒருவரின் கடை எதிரே, முன்பு ஒரு சாலை வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்தார்கள். 3 மாதம் என்றது ஒன்றரை வருடம் ஆயிற்று. மாதம் 40 மூட்டை அரிசி எடுத்தவர் 15க்கு இறங்கினார். நமக்கு வரவேண்டிய பாக்கியும் நின்றது. தடுப்பை எடுத்த பிறகும் பழைய வாடிக்கை முழுதாகத் திரும்பவில்லை.

எனவே, பட்டாபிராம் பாதை வேலை தொடங்குமுன் நம் சங்கத்தார் ஒன்றுகூடிக் கேட்க வேண்டியவை:

1. எந்த இடத்தில் எத்தனை மாதம் தடுப்பு என்பது எழுத்து மூலம் தெரிய வேண்டும். லாரியில் சரக்கு இறக்க வழியும் நேரமும் ஒதுக்க வேண்டும்.

2. நிலையத்திலிருந்து கடைவீதிக்கு நடைபாதையும், பழைய ரயில் நிலையங்களுக்கு இணைப்புப் பேருந்தும் முதல் நாளே வேண்டும்.

3. நிலையக் கடைகள் சிறு வியாபாரிக்குக் கட்டுபடியாகும் வாடகையில் கிடைக்க வேண்டும்.

தூண் எழும்பிய பிறகு மனு கொடுத்துப் பயனில்லை. வெள்ளம் வருமுன் அணை போடுவோம்.